நாக்கையும் குளம்பையும் தேடி வரும் வைரசு

சென்ற மாரிக்குச் சற்று முன்னர் எங்கள் பட்டிக்குள் கால்வாய் நோய் புகுந்தது. முதலில் ஒரு சிவலைப் பசு தீன் எடுக்க மறுத்தது. வாயோரம் நூல் நூலாக எச்சில் வடிந்தது. மறுநாள் நொண்டத் தொடங்கியது. மூத்தாப்பா அதன் வாயைத் திறந்து நாக்கைப் பிடித்துப் பார்த்தார். நாக்கின் மேல்தோல் உரிந்து அவர் கையோடு வந்துவிட்டது. ஒரு கிழமைக்குள் பதினேழு மாடுகளில் பதினான்குக்கு அதே நிலை. இரண்டு இளங்கன்றுகள் வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல், முதல்நாள் துள்ளித் திரிந்தவை, காலையில் செத்துக் கிடந்தன. பால் அடியோடு நின்றது. அந்தப் பாற்காசில்தான் எனது உயர்தர வகுப்பு ரியூஷனும் தம்பியின் பஸ் காசும் போய்க்கொண்டிருந்தன.

மாட்டின் கால்களைக் கழுவி, புண்ணில் வேப்பெண்ணெய் பூசிக்கொண்டிருந்த மூத்தாப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் புள்ள, நீ உயிரியல் படிக்கிறாய்தானே. இவ்வளவு பெரிய மாட்டில இந்தக் கிருமி நாக்கையும் காலையும் மட்டும் எப்படிக் கண்டு புடிக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டேன். அவர் ஒரு பல்கலைக்கழகப் புத்தகத்தைத் தந்து, வாசித்துவிட்டு எழுது என்றார். அப்படி எழுதியதே இக்கட்டுரை.

கால்வாய் நோயை ஏற்படுத்தும் வைரசுக்கு விஞ்ஞான வரலாற்றில் ஒரு தனியிடம் உண்டு. 1898 இல் ஜேர்மனியைச் சேர்ந்த பிரீட்ரிக் லொப்லர், பவுல் புரொஷ் ஆகிய இருவரும் நோயுற்ற மாட்டின் கொப்புள நீரை, பற்றீரியாக்களால் கடக்க முடியாத வடிகளினூடே செலுத்தினார்கள். வடிந்த நீரில் பற்றீரியா எதுவும் இல்லை. ஆனாலும் அதை ஏற்றிய கன்றுகளுக்கு நோய் வந்தது. விலங்குகளில் நோயை உண்டாக்கும் வைரசு ஒன்று முதன்முதலாக இனங்காணப்பட்டது இவ்வாறுதான். மனிதனின் வைரசு நோய்கள் எதையும் அப்போது எவரும் அப்படிக் காட்டியிருக்கவில்லை. மாட்டுப் பட்டியிலிருந்துதான் வைரசியல் என்ற துறையின் ஒரு பாதி பிறந்தது என்று மூத்தாப்பாவிடம் சொன்னபோது அவர் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை.

இந்த வைரசின் விட்டம் ஏறத்தாழ 30 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக அடுக்கலாம். வெளியே ஒரு புரத உறை. உள்ளே ஒரேயொரு ஆர்.என்.ஏ இழை. அந்த இழையில் உள்ள எழுத்துகள் ஏறக்குறைய 8,400 மாத்திரமே. ஒரு பசுவின் பரம்பரைத் தகவலோ ஏறத்தாழ 270 கோடி எழுத்துகளால் ஆனது. 8,400 எழுத்துகளுக்குள் ஒரு டசினுக்குச் சற்று அதிகமான புரதங்களுக்கே இடமுண்டு. சக்தியை உண்டாக்க வழியில்லை. புரதம் கட்டும் இரைபோசோமும் இல்லை. ஆகவே இந்த வைரசு செய்யவேண்டிய வேலைகளில் பெரும்பாலானவற்றைச் செய்வது மாட்டின் கலத்திலுள்ள புரதங்களே. எந்தப் புரதத்தைப் பிடிப்பது, எதை வெட்டுவது, எதைத் தொடாமல் விடுவது என்பதுதான் வைரசிடம் உள்ள கெட்டித்தனம்.

முதலில் மூத்தாப்பாவின் கேள்விக்கு வருவோம்.

நமது உடலிலும் மாட்டின் உடலிலும் கலங்கள் தாம் இருக்கும் இடத்தைப் பற்றிக்கொண்டு நிற்க இன்டெகிரின் எனப்படும் புரதங்கள் உதவுகின்றன. கலத்தின் மென்சவ்விலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைகள் என்று இவற்றைச் சொல்லலாம். இந்தக் கை எதைப் பற்றும்? கலங்களுக்கு வெளியேயுள்ள சில புரதங்களில் ஆர்ஜினின், கிளைசீன், அஸ்பார்ட்டிக் அமிலம் என்ற மூன்று அமினோ அமிலங்கள் இதே ஒழுங்கில் அடுத்தடுத்து வரும். இன்டெகிரின்களில் ஒரு பகுதியினம் இந்த மூன்றையுமே பிடிமானமாகக் கொள்கின்றன. 1984 இல் பைப்ரோனெக்டின் என்ற புரதத்தில் இந்த மூவெழுத்து அடையாளம் கண்டறியப்பட்டது.

கால்வாய் நோய் வைரசின் உறையில் நான்கு வகைப் புரதங்கள், வகைக்கு 60 வீதம் உள்ளன. அவற்றில் முதலாவது புரதத்திலிருந்து ஒரு சிறு நாடா வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. 1989 இல் ஒக்ஸ்போர்ட்டிலிருந்த ஆய்வாளர்கள் எக்ஸ் கதிர்களைக் கொண்டு வைரசின் முப்பரிமாண அமைப்பை வெளியிட்டபோது மற்றைய பகுதிகள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இந்த நாடா மட்டும் கலங்கலாகவே இருந்தது. காரணம், அது ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆடிக்கொண்டே இருக்கிறது. அந்த நாடாவின் நுனியில்தான் அதே ஆர்ஜினின், கிளைசீன், அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கின்றன. உடலின் சொந்தப் புரதம் என்று எண்ணி இன்டெகிரின் கையைக் கொடுக்கிறது.

இன்டெகிரின்களில் பல வகைகள் உள்ளன. இந்த வைரசுக்கு மிகப் பிடித்தமானது அல்பா-வீ-பீட்டா-6 என்ற வகை. அது எல்லாக் கலங்களிலும் இருப்பதில்லை. மேலணிக் கலங்களில் மட்டுமே காணப்படும். மாட்டில் அது தாராளமாக இருக்கும் இடங்களை ஆய்வாளர்கள் தேடிப் பார்த்தார்கள். நாக்கின் மேலணி, வாயின் உட்புறம், குளம்புகளுக்கு இடையிலும் குளம்பின் மேல்விளிம்பிலும் உள்ள தோல். கொப்புளம் கிளம்பும் அதே இடங்கள்! உரோமம் மூடிய முதுகுத் தோலில் அப்படியில்லை. கிருமி நாக்கைத் தேடி வருவதில்லை மூத்தாப்பா, இரத்தத்தோடு உடலெங்கும் போகிறது, கதவு திறக்கும் இடத்தில் நுழைகிறது என்றேன். அதோடு, புல்லை வளைத்து இழுக்கும் நாக்கும் பாரம் தாங்கும் குளம்பும் ஓயாமல் உராயும் இடங்கள். அங்கே கலங்கள் செத்து நீர் கோர்த்தால் தோல் கழன்றுவிடுகிறது.

கன்றுகளின் கதை வேறு. இளங்கன்றுகளில் இந்த வைரசு இதயத் தசையைத் தாக்குகிறது. அதனால்தான் வாயில் ஒன்றுமே தெரியாமல் திடீரென்று சாகின்றன. இறந்த கன்றின் இதயத்தை வெட்டிப் பார்த்தால் வெளிறிய வரிகள் புலித்தோல் போலத் தெரியும். மிருக வைத்தியர்கள் இதனைப் புலி இதயம் என்றே அழைக்கிறார்கள்.

கதவைத் தட்டியாயிற்று. இனி உள்ளே போகவேண்டும். இன்டெகிரினில் எதாவது ஒட்டினால் கலம் அந்த இடத்தை உள்நோக்கிக் குழித்து, கிளத்ரின் என்ற புரதத்தால் பின்னிய ஒரு கூடையில் வைத்து உள்ளே எடுத்துக்கொள்ளும். அது கலத்தின் அன்றாட வேலை. வைரசும் அந்தக் கூடையில் ஏறிக்கொள்கிறது. உள்ளே போன பையினுள் கலத்தின் புரோத்தன் பம்பிகள் ஐதரசன் அயன்களைத் தள்ளத் தொடங்குகின்றன. வந்த பொருளைச் சமிபாடு செய்வதற்காக அமிலமாக்குகின்றன. வைரசு எதிர்பார்த்திருப்பது இதைத்தான்.

அதன் உறை பன்னிரண்டு துண்டுகள் சேர்ந்த ஒரு பந்து. துண்டுகள் சந்திக்கும் எல்லைகளில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 6.5 இற்குக் கீழே இறங்கியதும் ஹிஸ்டிடின் புரோத்தனைப் பற்றி நேரேற்றம் பெறுகிறது. நேரேற்றம் பெற்றவை எதிரே உள்ள நேரேற்றப் பகுதியைத் தள்ள, பந்து பன்னிரண்டாகப் பிளந்து ஆர்.என்.ஏ இழை குழியவுருவுக்கு வந்து சேர்கிறது. வைரசைச் செரிக்க வைத்திருந்த அமிலமே அதன் பூட்டைத் திறக்கும் சாவியாகிவிட்டது.

இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். ஏனெனில் இந்த ஒரு விடயத்தை அறிந்தால் பட்டியில் நடக்கும் பல காரியங்களின் காரணம் விளங்கும். அமிலத்தில் பிளப்பது கலத்துக்குள் வைரசுக்கு அனுகூலம். வெளியே அதுவே அதன் பலவீனம். பீ.எச். 6 இற்குக் கீழே போனாலும் 9 இற்கு மேலே போனாலும் அது பிழைப்பதில்லை. எனவேதான் பட்டி வாசலில் சலவைச் சோடாக் கரைசலில் கால் நனைத்து உள்ளே வரச் சொல்கிறார்கள். சித்திரிக் அமிலமும் உதவும். அறுத்த மாட்டின் இறைச்சி முறையாக வைக்கப்பட்டால் தசையில் இலக்றிக் அமிலம் ஊறி பீ.எச். 6 இற்குக் கீழே இறங்குவதால் தசையிலுள்ள வைரசு அழிந்துவிடும். ஆனால் எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் அவ்வளவு அமிலம் ஊறாது. அங்கே அது தங்கியிருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் காலத்தில் மாடுகள் ஊர்விட்டு ஊர் போகும்போது எலும்பையும் கழிவையும் ஆழப் புதைக்கவேண்டும் என்று மிருக வைத்தியர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு பயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போட்டபோது, மாட்டிலிருந்து தொற்றியது என்று எங்கள் ஊரில் சிலர் பாலை வாங்க மறுத்தார்கள். அது வேறு நோய். அதற்குக் காரணமான வைரசுகள் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுவிட்ட உறவுகள். மாட்டோடு அவற்றுக்குச் சம்பந்தமில்லை. போலியோ வைரசும், சாதாரண தடிமனைக் கொண்டுவரும் வைரசும்கூட இதே குடும்பம்தான்.

கலத்துக்குள் வந்த ஆர்.என்.ஏ அடுத்ததாகச் செய்வதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்தது. கலத்தின் சொந்தத் தூது ஆர்.என்.ஏ ஒவ்வொன்றினதும் தலையில் ஒரு இரசாயனத் தொப்பி இருக்கும். ஒரு புரதம் அந்தத் தொப்பியைப் பிடிக்கும். ஈ.ஐ.எஃப்.4ஜீ என்ற நீண்ட புரதம் ஒரு முனையால் அந்தத் தொப்பிபிடியையும் மறுமுனையால் இரைபோசோமைக் கொண்டுவரும் காரணிகளையும் இணைக்கும். அதன் பிறகே புரதம் கட்டும் வேலை ஆரம்பமாகும். வைரசின் ஆர்.என்.ஏயில் தொப்பி இல்லை. முறைப்படி பார்த்தால் அதை எவரும் வாசிக்கக்கூடாது.

வைரசு முதலில் உண்டாக்கும் புரதங்களில் ஒன்று முன்னணிப் புரதம் எனப்படுகிறது. அது ஒரு வெட்டும் நொதியம். வைரசின் நீண்ட புரதச் சங்கிலியிலிருந்து தன்னைத்தானே வெட்டிப் பிரித்துக்கொண்டு, நேரே சென்று ஈ.ஐ.எஃப்.4ஜீயை நடுவே துண்டிக்கிறது. தொப்பியைப் பிடித்த பாதி ஒரு பக்கம். இரைபோசோமை அழைத்து வரும் பாதி மறுபக்கம். வயலில் நிற்கும் வண்டியைத் திருடன் உடைப்பதில்லை. நுகத்தை அவிழ்த்து மாட்டைக் கொண்டுபோய்த் தன் வண்டியில் பூட்டிக்கொள்கிறான். அப்படித்தான் இதுவும். வைரசின் ஆர்.என்.ஏயின் முன்பகுதி மடிந்து முடிச்சிட்டு ஒரு விசேட வடிவம் எடுத்திருக்கிறது. வெட்டப்பட்ட பாதி அந்த முடிச்சில் வந்து ஒட்டி, தொப்பியில்லாமலே இரைபோசோமைக் கொண்டுவந்து விடுகிறது. முடிச்சு சரியான வடிவில் நிற்பதற்கும் மாட்டின் கலத்திலிருந்தே பீ.டீ.பீ. முதலிய வேறு புரதங்களை வைரசு இரவல் வாங்குகிறது.

ஓரிரு மணித்தியாலங்களுக்குள் கலம் தனக்குத் தேவையான புரதங்களைக் கட்டுவது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. இரைபோசோம்கள் ஓய்வில்லாமல் வைரசுக்கு வேலை செய்கின்றன.

வைரசின் தகவல் முழுவதும் ஒரே நீண்ட சங்கிலியாக, 2,300 இற்கும் மேற்பட்ட அமினோ அமிலங்களோடு வாசிக்கப்படுகிறது. பின்னர் வைரசின் நொதியங்கள் அதைத் துண்டாக்குகின்றன. ஆனால் ஓரிடத்தில் மட்டும் கத்தி தேவையில்லை. 2ஏ எனப்படும் வெறும் 18 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு பகுதி இரைபோசோமிலிருந்து வெளியே வரும்போது, இரைபோசோம் ஒரு பிணைப்பை இடாமல் தாண்டிவிடுகிறது. தையல் இயந்திரம் ஒரு தையலை விட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடினால் துணி இரண்டாவது போல, ஒரு புரதம் இரண்டாகி வருகிறது. இந்தத் தந்திரத்தைக் கண்ட விஞ்ஞானிகள் இப்போது ஒரே பரம்பரையலகிலிருந்து இரண்டு புரதங்களைப் பெற உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் சிவலைப் பசுவின் நாக்கை உரித்த அதே துண்டு!

மற்றைய புரதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2பீ, 2சீ ஆகியவை கலத்தின் உள் மென்சவ்வுகளைக் குலைத்துச் சிறு பைகளாக்கி, ஆர்.என்.ஏயைப் பிரதியெடுக்கும் பட்டறையாக்குகின்றன. 2சீ பெக்லின் என்ற கலப் புரதத்தையும் பற்றிக்கொள்கிறது. கலம் தனது கழிவைத் தானே செரிக்கும் தொழிலில் பெக்லினுக்குப் பங்குண்டு. அதைப் பிடித்து வைத்தால் வைரசின் பட்டறை செரிக்கப்படாமல் தப்புகிறது. 3டீ பிரதியெடுக்கும் நொதியம். 3சீ இன்னொரு கத்தி.

கலமும் கைகட்டிக்கொண்டு நிற்பதில்லை. அந்நிய ஆர்.என்.ஏயை உணரும் காவற்புரதங்கள் அதனிடம் உள்ளன. அவை ஒன்றுக்கொன்று செய்தி கடத்தி, கடைசியில் கருவுக்குள் இன்டர்பெரோனுக்கான பரம்பரையலகை இயக்கும். இன்டர்பெரோன் வெளியேறி, கள்ளன் வருகிறான், கதவைப் பூட்டுங்கள் என்று அயற்கலங்களுக்குச் சொல்லும். வைரசு இந்தச் சங்கிலியில் பல இடங்களில் வெட்டுகிறது. 3சீ கத்தி செய்தி கடத்தும் நீமோ என்ற புரதத்தை அறுக்கிறது (கார்ட்டூன் படத்தில் வரும் மீன் அல்ல, பெயர் மட்டும் அப்படி). முன்னணிப் புரதம் இன்டர்பெரோனின் தூது ஆர்.என்.ஏ உண்டாவதையே குறைக்கிறது. தப்பித்தவறி அது உண்டானாலும், அதற்கும் தொப்பி உண்டல்லவா? நுகம் ஏற்கெனவே அவிழ்க்கப்பட்டுவிட்டது.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. 1995 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் முன்னணிப் புரதம் இல்லாத வைரசு ஒன்றை ஆய்வுகூடத்தில் ஆக்கினார்கள். வளர்ப்புக் கலங்களில் அது பெருகியது. ஆனால் காற்றோடு கலந்து மாடுகளைச் சுவாசிக்கச் செய்தபோது நோய் உண்டாகவில்லை. நுழைந்த இடத்தைத் தாண்டிப் பரவ அதனால் முடியவில்லை. அயற்கலங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்துவிட்டது. ஒரேயொரு கத்தியைப் பிடுங்கியதும் பட்டியையே சாய்க்கும் வைரசு ஒரு மூலையில் அடங்கிவிட்டது.

மூத்தாப்பாவின் இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது. "முந்தி ஒரு முறை ஊசி போட்டதுதானே. பின்ன ஏன் வந்தது?"

இந்த வைரசில் ஓ, ஏ, சீ, ஆசியா-1 மற்றும் ஆபிரிக்காவுக்குரிய மூன்று என ஏழு வகைகள் உள்ளன. ஒன்றுக்கான தடுப்பூசி மற்றொன்றைத் தடுக்காது. சீ வகை 2004 இற்குப் பிறகு உலகில் எங்கும் காணப்படவில்லை. ஒரு வகைக்குள்ளேயும் மாற்றங்கள் ஓயாமல் நடக்கும். 3டீ நொதியம் பிரதியெடுக்கும்போது பிழை விட்டால் திருத்திப் பார்ப்பதில்லை. நம்மில் சிலர் பரீட்சை விடைத்தாளைத் திருப்பிப் பாராமல் கொடுப்பது போல. பிழைகளில் பெரும்பாலானவை வைரசுக்கே கேடு. சில மட்டும் பிறபொருளெதிரிகளை ஏமாற்ற உதவும்.

பிறபொருளெதிரிகள் விரும்பித் தாக்கும் இடங்களில் ஒன்று அந்த ஆடும் நாடா. அப்படியானால் வைரசு நாடாவை மாற்றித் தப்பவேண்டும். ஆனால் ஆர்ஜினின், கிளைசீன், அஸ்பார்ட்டிக் அமிலம் மூன்றையும் மாற்றினால் இன்டெகிரின் கை கொடுக்காது. எனவே நாடாவின் மற்றைய எழுத்துகள் வைரசுக்கு வைரசு வேறுபடுகின்றன. நடுவிலுள்ள அந்த மூன்றும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. முகத்தை மாற்றலாம், சாவியை மாற்ற முடியாது.

தடுப்பூசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரசு. அதன் பன்னிரு துண்டுப் பந்து பிளக்காமல் முழுதாக இருந்தால்தான் நல்ல நிர்ப்பீடனம் உண்டாகும். அந்தப் பந்தோ அமிலத்துக்கு மட்டுமல்ல, சூட்டுக்கும் இளகிவிடும். பட்டி வரும் வரை தடுப்பூசி குளிரில் இருக்கவேண்டும். 2013 இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் துண்டுகளின் எல்லையில் ஒரு கந்தகப் பிணைப்பை இட்டு, பிளக்காத வெற்றுப் பந்தை ஆக்கிக் காட்டினார்கள். உள்ளே ஆர்.என்.ஏ இல்லாததால் அதனால் நோய் வர வழியே இல்லை. ஊசி தரும் காப்பும் நீண்டகாலம் நிற்பதில்லை. எங்கள் மாடுகளுக்கு அடுத்த ஊசி போடவேண்டிய நேரத்தில் விதைப்புத் தொடங்கிவிட்டது. வயற்கரையில் நின்ற பட்டிகளையெல்லாம் காட்டோரத்து மேய்ச்சல் தரைக்கு ஓட்டிவிட்டார்கள். ஊசி போட வந்தவர்களுக்கு மாடு அகப்படவில்லை. அங்கே நாலைந்து பட்டிகள் ஒரே குளத்தில் தண்ணீர் குடித்தன. மிகுதியைச் சொல்லத் தேவையில்லை.

எங்கள் மாடுகள் இப்போது நடக்கின்றன. பால் பழைய அளவுக்கு வரவில்லை. சிவலைப் பசுவின் உடலில் உரோமம் சடைத்துவிட்டது. வெயில் ஏறினால் நாக்கை நீட்டி இரைக்கிறது. இந்நோயிலிருந்து எழும்பிய சில மாடுகளில் இப்படி நடப்பதுண்டு. நோய் மாறிய மாடுகளில் ஒரு பகுதியின் தொண்டையின் மேற்புறத்தில், சில மேலணிக் கலங்களில் வைரசு சத்தமில்லாமல் தங்கியிருக்கும். மாடுகளில் மூன்று வருடங்கள் வரைகூட. அங்கே கொப்புளமும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

இதைச் சொன்னபோது மூத்தாப்பா விற்கவா என்று கேட்டார். இப்படித் தங்கியிருக்கும் மாட்டிலிருந்து மற்றவற்றுக்குத் தொற்றுவது அரிது என்றேன். அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, அடுத்த கிழமை பிறக்கவிருந்த கன்றுக்காகப் பட்டியின் மறுபக்கத்தில் தனியாக ஒரு அடைப்புக் கட்டத் தொடங்கினார். வாசலில் சலவைச் சோடா வாளி இன்னும் இருக்கிறது. நானும் கால் நனைத்துத்தான் உள்ளே போகவேண்டும்.